மேலேறும் மின்தூக்கி: வடத்தின் இழுவிசை எடையைவிடக் கூடுதலா, எடைக்குச் சமமா?

கேள்விக்குறி எழுதியது:

மின்தூக்கி ஒன்று மாறாத வேகத்தில் மேலே சென்றுகொண்டிருக்கிறது. உராய்வையும் காற்றுத் தடையையும் விட்டுவிடுவோம். அதைத் தாங்கும் கம்பிவடத்தின் இழுவிசை மின்தூக்கியின் எடையைவிடக் கூடுதலா, எடைக்குச் சமமா என்பது வினா. சமம் என்பதே பாடநூல் தரும் விடை. தொகுபயன் விசை சுழியானால் முடுக்கமும் சுழி என்ற ஒற்றை வரி விளக்கத்தை நான் அறிவேன்; அதை மீண்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. மின்தூக்கி ஏறுகிறது என்றால் மேல்நோக்கிய விசை வென்றிருக்க வேண்டும் அல்லவா? இரண்டும் சமமென்றால் யாருக்கும் வெற்றியில்லை. அப்படியானால் அது நடுவழியில் அப்படியே நின்றுவிடாமல் ஏறிக்கொண்டே இருப்பது எதனால்?

சாய்தளம் எழுதியது:

பயணத்தை ஒரே துண்டாகப் பார்க்காமல் மூன்றாகப் பிரித்தால், நீங்கள் தேடும் வெற்றி எங்கே நிகழ்ந்தது என்பது தெரிந்துவிடும். பயணிகளோடு சேர்த்து மின்தூக்கியின் நிறை 600 கிலோகிராம் என்று கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி² என்றால் அதன் எடை 5880 நியூட்டன். கீழ்த்தளத்தில் அசையாமல் தொங்கும்போது வடத்தின் இழுவிசையும் 5880 நியூட்டன்தான். புறப்படும் நேரத்தில் அந்த இழுவிசை 6480 நியூட்டனாக உயர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையைக் கழித்து எஞ்சும் 600 நியூட்டன் சமன் செய்யப்படாத விசை. அது 600 கிலோகிராம் நிறைக்கு 1 மீ/வி² முடுக்கத்தைத் தருகிறது. இரண்டு விநாடியில் மின்தூக்கி 2 மீ/வி வேகத்தை எட்டிவிடும். நீங்கள் சொல்லும் வெற்றி இந்த இரண்டு விநாடிக்குள் முடிந்துபோன செய்தி.

அதன்பின் இழுவிசை மீண்டும் 5880 நியூட்டனுக்கு இறங்குகிறது. இப்போது வேகத்தைக் கூட்டவும் ஆளில்லை, குறைக்கவும் ஆளில்லை. ஆகவே ஏற்கெனவே பெற்ற 2 மீ/வி வேகம் அப்படியே தொடர்கிறது. மேல்தளத்தை நெருங்கும்போது இழுவிசை 5280 நியூட்டனாகக் குறைக்கப்படுகிறது. தொகுபயன் விசை கீழ்நோக்கி 600 நியூட்டன். இந்தக் கடைசி இரண்டு விநாடியில் மின்தூக்கி மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் "வென்று" கொண்டிருப்பது கீழ்நோக்கிய விசை. விசை எந்தப் பக்கம் மிகுதியோ அந்தப் பக்கம்தான் பொருள் நகரும் என்ற கருத்துக்கு இந்த இரண்டு விநாடியில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இழுகயிறு எழுதியது:

மேலே எழுதியவர் கணக்கில் குறை காணவில்லை. ஆனாலும் நடைமுறையில் இழுவிசை ஒரு சிறிதளவாவது கூடுதலாக இருக்கத்தான் வேண்டும் என்று கருதுகிறேன். ஒரு விழுக்காடு, அரை விழுக்காடு என்று ஏதோ ஒன்று. அந்தச் சிறு மிகுதி இல்லாவிட்டால் மின்தூக்கியைத் தொடர்ந்து ஏறவைப்பது எது?

சாய்தளம் எழுதியது:

அந்த ஒரு விழுக்காட்டை உண்மையிலேயே கொடுத்துப் பார்ப்போம். 5880 நியூட்டனில் ஒரு விழுக்காடு ஏறத்தாழ 60 நியூட்டன். 600 கிலோகிராமுக்கு அது தரும் முடுக்கம் 0.1 மீ/வி². அற்பம் என்று தோன்றும். ஆனால் 20 விநாடி கழிந்தால் வேகம் 2 மீ/வி-இலிருந்து 4 மீ/வி ஆகிவிடும். அடுத்த 20 விநாடியில் 6 மீ/வி. மிகுதி எவ்வளவு சிறிதாயினும் அது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகுமே தவிர, இருக்கும் வேகத்தைக் காத்து நிற்காது. வேகம் மாறவில்லை என்று வினாவிலேயே சொல்லியாயிற்று. ஆகவே அரை விழுக்காட்டுக்கும் அதில் இடமில்லை.

வடமும் சக்கரமும் எழுதியது:

மின்தூக்கிப் பராமரிப்புத் துறையில் இருப்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். முதலாவது, உண்மையான மின்தூக்கி வழிகாட்டித் தண்டவாளங்களைப் பற்றிக்கொண்டு நகர்வதால் அங்கே சிறிது உராய்வு உண்டு. ஏறும்போது அந்த உராய்வு கீழ்நோக்கிச் செயல்படும். அப்போது இழுவிசை எடையைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். இழுகயிறு அவர்கள் மனத்தில் உள்ள சிறு மிகுதி இதுவாகவும் இருக்கலாம். ஆயினும் அந்த மிகுதி முழுவதும் உராய்வைச் சமன் செய்வதிலேயே தீர்ந்துவிடுகிறது. மேல்நோக்கிய விசை ஒன்று, கீழ்நோக்கிய விசைகள் இரண்டு, கூட்டினால் சுழி. விடை மாறவில்லை, கூட்டலில் ஓர் உறுப்பு கூடியது, அவ்வளவே.

இரண்டாவது செய்தி வினாவுக்கு நேரடியாகத் தேவையில்லை. ஆனால் "ஏறவைப்பது எது" என்று கேட்பவர்கள் அறிந்திருக்க வேண்டியது. வடத்தின் மறுமுனையில் எதிர் எடை தொங்குகிறது. மின்தூக்கிக் கூண்டின் நிறையோடு, அது தாங்கக்கூடிய உச்சச் சுமையில் 40 முதல் 50 விழுக்காட்டைச் சேர்த்து அந்த எதிர் எடையை அமைப்பது வழக்கம். எனவே ஒரே ஒருவர் ஏறிய கூண்டு மேலே செல்லும்போது எதிர் எடையே கனமான பக்கம். சீரான வேகத்தில் அந்தக் கூண்டு ஏறுகையில் மோட்டார் பெரும்பாலும் தடுத்துப் பிடிக்கும் வேலையைத்தான் செய்கிறது. அப்போதும் கூண்டைத் தாங்கும் வடத்தின் இழுவிசை, தண்டவாள உராய்வை விட்டுவிட்டால், கூண்டும் பயணியும் சேர்ந்த எடைக்குச் சமமே.

கேள்விக்குறி எழுதியது:

மூன்று கட்டமாகப் பிரித்தது உதவியது. ஆனால் என் வினா நடுக்கட்டத்தைப் பற்றியதுதான். கீழ்த்தளத்தில் நிற்கும்போதும் 5880, நடுவில் ஏறும்போதும் 5880. விசைகள் இரண்டு நிலையிலும் அச்சு அசலாக ஒன்றே. ஒன்றில் மின்தூக்கி அசையவில்லை, மற்றொன்றில் அசைகிறது. ஒரே காரணத்துக்கு இரண்டு விளைவுகள் எப்படி?

சாய்தளம் எழுதியது:

இழையின் சரியான வினா இதுதான். இதற்குத் தரையில் கிடக்கும் பெட்டி ஒன்றைக் கொண்டு விடை சொல்கிறேன், ஏனென்றால் அங்கே இந்த இரட்டை விளைவு இன்னும் கூர்மையாகத் தெரியும்.

பெட்டியின் நிறை 20 கிலோகிராம், எடை 196 நியூட்டன். தரைக்கும் பெட்டிக்கும் இடையிலான நிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.3 என்று கொள்வோம். நிலை உராய்வு தாங்கக்கூடிய உச்சம் 98 நியூட்டன். பெட்டி சறுக்கத் தொடங்கியபின் செயல்படும் இயக்க உராய்வு 58.8 நியூட்டன். இங்கே பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. நிலை உராய்வு எப்போதும் 98 நியூட்டனாக இருப்பதில்லை. நீங்கள் 10 நியூட்டன் விசையில் தள்ளினால் அது 10, 50 விசையில் தள்ளினால் 50. தள்ளுவதற்கு ஈடாக எழுந்து, 98 வரை உடன் வந்து, அதற்குமேல் முடியாமல் விட்டுவிடும். "50 நியூட்டன் விசையில் தள்ளியும் பெட்டி அசையவில்லை, ஆகவே உராய்வு 50-ஐவிடப் பெரியது" என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். உண்மையில் அது பெரியதாக இருந்திருந்தால் பெட்டி தள்ளியவரை நோக்கி நகர்ந்திருக்கும்.

இப்போது ஓய்வில் இருக்கும் பெட்டியைச் சரியாக 58.8 நியூட்டன் விசையில் தள்ளுங்கள். உச்சமான 98-க்கு அது குறைவு. நிலை உராய்வு 58.8 ஆக எழுந்து சமன் செய்துவிடும். பெட்டி அசையாது. அடுத்து, 100 நியூட்டன் விசையில் தள்ளி நகர்த்துங்கள். இயக்க உராய்வு போக எஞ்சும் 41.2 நியூட்டன் 2.06 மீ/வி² முடுக்கத்தைத் தரும். வேகம் 1 மீ/வி ஆனதும் தள்ளும் விசையை 58.8-க்குக் குறைத்துவிடுங்கள். இயக்க உராய்வும் 58.8. பெட்டி 1 மீ/வி வேகத்தில் சறுக்கிக்கொண்டே செல்லும். வேகம் 3 மீ/வி ஆகும்வரை காத்திருந்து குறைத்திருந்தால் 3 மீ/வி-இல் சென்றுகொண்டிருக்கும்.

தள்ளும் விசை 58.8, உராய்வு 58.8. இதே இணை விசைகளோடு பெட்டி ஓய்வில் இருக்கலாம், 1 மீ/வி-இல் இருக்கலாம், 3 மீ/வி-இலும் இருக்கலாம். எந்த வேகம் என்பதை முடிவு செய்தது இப்போதைய விசைகள் அல்ல, அதற்கு முன் நடந்தது. இப்போதைய விசைகளிடம் நாம் கேட்கக்கூடிய ஒரே வினா "திசைவேகம் மாறுகிறதா" என்பது. மூன்று நிலையிலும் அதற்கு விடை ஒன்றே: மாறவில்லை. ஆகவே ஒரே காரணத்துக்கு இரண்டு விளைவுகள் இல்லை, விளைவு ஒன்றுதான்.

வெற்றிடம் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் வேகம் சுழியாகிறது. அந்தக் கணத்திலும் அதன்மீது செயல்படும் விசை அதன் முழு எடை, முடுக்கம் 9.8 மீ/வி² கீழ்நோக்கி. வேகமில்லாத இடத்தில் சமனின்மை; மின்தூக்கியில் வேகமுள்ள இடத்தில் சமன். வேகத்தைப் பார்த்து விசையை ஊகிக்கும் பழக்கத்தைக் கைவிட இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

இயங்குதளம் எழுதியது:

விசை நின்றால் இயக்கமும் நின்றுவிடும் என்ற எண்ணம் அறியாமையால் வந்ததன்று என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். அரிஸ்டாட்டில் அப்படித்தான் கருதினார். உராய்வு எங்கும் நிறைந்த உலகில் கண்ணால் கண்டதைக் கொண்டு வரையறுத்தால் அந்த முடிவுக்குத்தான் வர முடியும். 14-ஆம் நூற்றாண்டில் ஜான் புரிடான், எறியப்பட்ட பொருளுக்குள் ஓர் உந்துதல் பதிக்கப்படுகிறது என்றும் அதுவே பொருளைத் தொடர்ந்து கொண்டுசெல்கிறது என்றும் விளக்கினார். இழுகயிறு அவர்களின் "ஏறவைப்பது எது" என்ற வினா புரிடானுக்குப் பிடித்திருக்கும். இயற்பியல் கல்வியாளர்கள் உருவாக்கி 1992-இல் வெளிவந்த விசைக் கருத்து வினாத்தொகுப்பிலும் மாறாத வேகத்தில் மேலேறும் மின்தூக்கி இடம்பெற்றிருக்கிறது. இந்த மயக்கம் பரவலானது என்பதால்தான்.

கலிலியோ வினாவையே திருப்பிப் போட்டார். ஒரு சாய்தளத்தில் உருண்டு இறங்கும் பந்து எதிரே உள்ள சாய்தளத்தில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறுகிறது. எதிர்ச் சாய்தளத்தின் சரிவைக் குறைக்கக் குறைக்க அந்த உயரத்தை எட்டப் பந்து இன்னும் நெடுந்தொலைவு போக வேண்டியிருக்கிறது. சரிவே இல்லாத கிடைத்தளமானால்? நிற்பதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. இயக்கம் ஏன் தொடர்கிறது என்பதற்கு மாறாக, ஏன் நிற்கிறது என்பதற்கே காரணம் தேட வேண்டும் என்ற திருப்பம் அங்கே வந்தது. 1687-இல் நியூட்டன் அதை முதல் விதியாக வைத்தார்.

இதற்கும் அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. சன்னல் இல்லாத மின்தூக்கி அதிர்வே இல்லாமல் 2 மீ/வி வேகத்தில் ஏறுகிறது. உள்ளே இருப்பவர் எந்தச் சோதனை செய்தாலும், தாம் ஏறுகிறோமா நிற்கிறோமா என்று கண்டறிய முடியாது. கலிலியோ 1632-இல் மூடிய கப்பல் அறையைக் கொண்டு சொன்னதும் இதுவே. நாற்காலியில் அமர்ந்து இதை வாசிக்கும் நீங்களும் பூமியோடு சேர்ந்து கதிரவனைச் சுற்றி விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஓய்வு என்பதும் சீரான நேர்கோட்டு இயக்கம் என்பதும் ஒன்றே; பார்ப்பவர் நிற்கும் இடம்தான் வேறு. பார்ப்பவரைப் பொறுத்து மாறும் ஒன்றுக்கு வடத்தின் இழுவிசை எப்படி ஈடுகொடுத்து மாற முடியும்?

இழுகயிறு எழுதியது:

அப்படியானால் ஆற்றலுக்குக் கணக்குச் சொல்லுங்கள். தொகுபயன் விசை சுழி என்றால் செய்யப்படும் வேலையும் சுழி. ஆனால் மின்தூக்கி உயரே போகப்போக அதன் நிலையாற்றல் கூடுகிறது. அது எங்கிருந்து வந்தது?

சாய்தளம் எழுதியது:

சுழியாவது தொகுபயன் விசை செய்யும் வேலை. அது இயக்க ஆற்றல் மாறவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. தனித்தனி விசைகள் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. மின்தூக்கி 3 மீட்டர் ஏறினால் வடத்தின் இழுவிசை 5880 × 3, அதாவது 17,640 ஜூல் வேலை செய்கிறது. ஈர்ப்பு விசை அதே அளவு எதிர்க்குறி வேலை செய்கிறது. அதைத்தான் நிலையாற்றல் 17,640 ஜூல் கூடியது என்று எழுதுகிறோம். அந்த ஆற்றலை மோட்டாரும் இறங்கிவரும் எதிர் எடையும் பங்கிட்டுத் தருகின்றன. வேகத்தைக் காப்பதற்காக ஒரு ஜூல்கூடச் செலவாகவில்லை.

மேகத்துளி எழுதியது:

இதன் தொடர்ச்சியாக ஓர் ஐயம். பாராசூட் விரிந்தவுடன் வீரர் சட்டென்று மேலே எழும்புவதைக் காணொளிகளில் பார்த்திருக்கிறேன். விரிந்ததும் காற்றுத் தடை எடையைவிட மிகுவதால்தான் அவர் மேலே போகிறார் என்று ஒருவர் விளக்கினார். சரியா?

வெற்றிடம் எழுதியது:

தடை மிகுகிறது என்பது சரி, மேலே போகிறார் என்பது தவறு. படம் பிடிப்பவர் இன்னும் பாராசூட்டை விரிக்காமல் பழைய வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறார். அவருடைய கேமராவுக்கு மற்றவர் மேலெழுவதுபோல் தெரிகிறது.

கணக்கைப் பாருங்கள். கருவிகளோடு நிறை 80 கிலோகிராம், எடை 784 நியூட்டன். வயிறு கீழ்நோக்கிய நிலையில் விழுபவர் சுமார் 55 மீ/வி வேகத்தை அடையும்போது காற்றுத் தடையும் 784 ஆகிவிடுகிறது. அதற்குமேல் வேகம் கூடுவதில்லை. இதுவே முற்றுத் திசைவேகம். பாராசூட் விரியும்போது தடை எடையைப்போல் மும்மடங்கு, அதாவது 2352 நியூட்டன் ஆனது என்று கொண்டால், தொகுபயன் விசை மேல்நோக்கி 1568 நியூட்டன், முடுக்கம் மேல்நோக்கி 19.6 மீ/வி². வேகமோ இன்னும் கீழ்நோக்கியே. ஆகவே அவர் கீழிறங்கிக்கொண்டே வேகத்தை இழக்கிறார். வேகம் குறையக் குறையத் தடையும் குறைந்து, சுமார் 5 மீ/வி-இல் மீண்டும் 784 ஆகிறது.

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். 55 மீ/வி-இல் எடை 784, தடை 784. 5 மீ/வி-இல் எடை 784, தடை 784. சாய்தளம் சொன்ன பெட்டியின் அதே கதை. தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், பதினொன்றில் ஒரு பங்கு வேகத்தில் அதே தடையைப் பெற, பரப்பும் வடிவமும் சேர்ந்த பெருக்கம் 121 மடங்காக வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு பெரிய துணி.

நெடுவட்டம் எழுதியது:

இதே முறையில் விண்வெளி நிலையத்தையும் விளக்கலாம் அல்லவா? ஈர்ப்பு விசையும் மையவிலக்கு விசையும் ஒன்றையொன்று சமன் செய்வதால் அது விழாமல் சுற்றுகிறது.

இயங்குதளம் எழுதியது:

அங்கே சமன் இருந்திருந்தால் நிலையம் நேர்கோட்டில் விலகிப் போயிருக்கும். 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 8.7 மீ/வி², தரையில் உள்ளதில் சுமார் 89 விழுக்காடு. அதை எதிர்க்க அங்கே எதுவும் இல்லை. நிலையம் விநாடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் செல்வதால், சமன் செய்யப்படாத அந்த ஈர்ப்பு அதன் திசையை இடைவிடாமல் வளைத்துக்கொண்டே இருக்கிறது. வேகத்தின் அளவு மாறாவிட்டாலும் திசை மாறுவதால் திசைவேகம் மாறுகிறது. நிலையத்தோடு சேர்ந்து சுழலும் சட்டகத்திலிருந்து கணக்கிடுபவர்கள் மையவிலக்கு விசையைச் சேர்த்துச் சமன் என்று எழுதலாம். அந்தச் சட்டகமே முடுக்கமுடையது என்பதை மறக்காதவரை அதில் பிழையில்லை.

மேகத்துளி எழுதியது:

இன்னொன்று. மின்தூக்கியின் தளம் என்னை மேல்நோக்கித் தள்ளுகிறது, என் எடை கீழ்நோக்கி. இவை சமமாக இருப்பது நியூட்டனின் மூன்றாம் விதியால்தானே?

சாய்தளம் எழுதியது:

இல்லை. மூன்றாம் விதி கூறும் இரு விசைகள் இரு வேறு பொருள்களின்மீது செயல்படுபவை; ஆகவே அவை ஒன்றையொன்று சமன் செய்வதில்லை. உங்கள் நிறை 60 கிலோகிராமானால் எடை 588 நியூட்டன். மின்தூக்கி 1 மீ/வி² முடுக்கத்தோடு புறப்படும்போது தளம் உங்களை 648 நியூட்டன் விசையில் தள்ளுகிறது; நீங்கள் தளத்தை 648 நியூட்டன் விசையில் அழுத்துகிறீர்கள். இந்த இணை எந்த நிலையிலும் சமம். உங்கள் எடையான 588-க்கு இணை, நீங்கள் பூமியை மேல்நோக்கி இழுக்கும் 588. தளத்தின் உந்துதலும் உங்கள் எடையும் சீரான இயக்கத்தில் மட்டும் சமமாகின்றன. முடுக்கம் வந்தவுடன் 648, 588 என்று பிரிந்துவிடுகின்றன. காலடியில் எடை காட்டும் கருவியை வைத்தால் அது காட்டுவது 648-ஐத்தான்.

வடமும் சக்கரமும் எழுதியது:

ஓர் எல்லையையும் குறிப்பிட வேண்டும். இதுவரை பேசிய சமன் எல்லாம் பொருளின் நிறை மையத்தைப் பற்றியது. சம அளவுள்ள இரு எதிர் விசைகள் ஒரே கோட்டில் செயல்படாவிட்டால், தொகுபயன் விசை சுழியாக இருந்தும் பொருள் சுழலத் தொடங்கும். வாகனத்தின் திசைதிருப்பிச் சக்கரத்தை ஒரு கை மேலும் மறு கை கீழுமாக இழுப்பது அப்படித்தான். முழுச் சமநிலைக்கு விசைகளின் கூடுதல், திருப்புத்திறன்களின் கூடுதல் ஆகிய இரண்டும் சுழியாக வேண்டும்.

கேள்விக்குறி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதல் பதிவில் நான் கேட்ட இழுவிசையை இப்போது வரைபடமாக வரைந்தேன்: 5880, பின் இரண்டு விநாடிக்கு 6480, பின் நெடுநேரம் 5880, பின் இரண்டு விநாடிக்கு 5280, இறுதியில் மேல்தளத்தில் மீண்டும் 5880. படிக்கட்டுபோல் இருக்கிறது. உண்மையான மின்தூக்கியில் இழுவிசையை அளந்தாலும் இப்படியே வருமா?

வடமும் சக்கரமும் எழுதியது:

மூலைகள் இவ்வளவு கூர்மையாக இரா. இழுவிசை ஒரே கணத்தில் 600 நியூட்டன் தாவினால் முடுக்கமும் ஒரே கணத்தில் தாவும். பயணியின் வயிற்றுக்குத் தெரிவது அந்தத் தாவல்தான். ஆகவே முடுக்கம் மாறும் வீதத்துக்கும் ஒரு வரம்பு வைத்து, மோட்டாரின் கட்டுப்பாட்டுக் கருவி இழுவிசையைச் சரிவாக ஏற்றிச் சரிவாக இறக்குகிறது. உங்கள் படிக்கட்டின் நான்கு செங்குத்துக் கோடுகளையும் சிறிது சாய்த்து, முனைகளை மழுக்கிவிடுங்கள். சாய்த்தபின் மேட்டின் பரப்பும் பள்ளத்தின் பரப்பும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். 5880 கோட்டுக்கு மேலுள்ள பரப்பு மின்தூக்கி பெற்ற உந்தம், கீழுள்ளது அது இழந்த உந்தம். உங்கள் படிக்கட்டில் இரண்டும் 1200 நியூட்டன் விநாடி. சாய்த்த வரைபடத்தில் அவை வேறுபட்டால், மின்தூக்கி மேல்தளத்தில் நிற்கவில்லை என்று பொருள்.